மெனுவை மனப்பாடம் செய்யவைக்கும் கணினி வகுப்புகள்

அலுவலக மென்பொருள் வகுப்பில் சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் முடித்துவிடலாம்?" என்றுதான். அடுத்தது, "சான்றிதழ் கொடுப்பீர்களா?" இரண்டுமே நியாயமான கேள்விகள். வேலையில் இருப்பவருக்கு நேரம் குறைவு. வேலை தேடுகிறவருக்குக் கையில் காட்ட ஒரு காகிதம் வேண்டும். ஆனால் பல ஆண்டுகளாக இந்த வகுப்புகளை எடுத்துவரும் எனக்கு, மூன்றாவதாக ஒரு கேள்வியையும் யாராவது கேட்கமாட்டார்களா என்றிருக்கும்: "எதை வைத்துச் சொல்லித்தருவீர்கள்?" பாடத்திட்டத்தை வைத்தா, நாளைக்கு மேசையில் வந்து விழப்போகிற வேலையை வைத்தா? வகுப்பு உருப்படுமா என்பது பெரும்பாலும் இதில்தான் தீர்மானமாகிறது.

பல பாடத்திட்டங்கள் மென்பொருளின் மேல்பட்டையை இடமிருந்து வலமாகப் பார்த்து எழுதியவை. முதல் நாள் ஹோம், அடுத்த நாள் இன்சர்ட், அதற்கடுத்து பேஜ் லேஅவுட். இது தடித்த எழுத்து, இது சாய்வெழுத்து, இது படம் செருகுவதற்கு என்று பட்டன் பட்டனாகக் காட்டிக்கொண்டே போவார்கள். மாணவர் நோட்டில் வரிசையாகக் குறித்துக்கொள்வார். அகராதியை முதல் பக்கத்திலிருந்து உருப்போட்டு ஒரு மொழியைப் பேசப் பழகுவதைப் போன்றது இது. எல்லாப் பாடமும் முடிந்த பிறகு மேலதிகாரி வந்து, "இந்தப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அவரவர் பெயர் போட்டுத் தனித்தனியாகக் கடிதம் போகவேண்டும்" என்று சொல்வார். மெயில் மெர்ஜ் என்றொரு பட்டனை எங்கோ பார்த்த ஞாபகம் மட்டும் வரும். பிறகு ஒவ்வொரு பெயராக அழித்து, அடித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டிருப்பார்.

பட்டனின் இடத்தை மட்டும் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை 2007இல் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆண்டு வந்த மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் பதிப்பில், பழைய ஃபைல், எடிட், வியூ என்ற மெனு வரிசை போய், ரிப்பன் என்ற அகலப் பட்டை வந்தது. ஆண்டுக்கணக்கில் அதே வேலையைச் செய்துவந்தவர்கள்கூட பிரிண்ட் கட்டளை எங்கே போயிற்று என்று தேடினார்கள். ஒரு பத்தியின் இடைவெளியை எப்படி அமைப்பது, ஒரு பட்டியலை எப்படி வகைப்படுத்துவது என்று வேலையாகக் கற்றவர்களும் தேடத்தான் செய்தார்கள். ஆனால் எதைத் தேடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் சில நாட்களில் பழகிவிட்டார்கள். இன்று மைக்ரோசாஃப்டின் எக்செல்லில் கற்றவர் நாளை கூகுள் ஷீட்ஸுக்கோ லிப்ரே ஆபீஸுக்கோ மாறவேண்டி வரலாம். பட்டன்கள் இடம் மாறியிருக்கும். கூட்டலும் வரிசைப்படுத்தலும் வடிகட்டலும் அப்படியேதான் இருக்கும்.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்த ஓர் அம்மா என் வகுப்பில் சேர்ந்தார். எக்செல் தெரியும், தினமும் அதில்தான் வேலை என்றார். தான் தயாரித்த செலவுப் பட்டியலைத் திறந்து காட்டினார். கோடுகள் கச்சிதமாகப் போடப்பட்டிருந்தன. தலைப்பு வரி நீல நிறத்தில், தொகைகள் எல்லாம் வலப்பக்கம் ஒட்டி, அடியில் தடித்த எழுத்தில் மொத்தம். அந்த மொத்தத்தின் மேல் கர்சரை வைக்கச் சொன்னேன். கட்டத்தின் உள்ளே இருப்பதைக் காட்டும் ஃபார்முலா பட்டையில், கூட்டச் சொல்லும் ஃபார்முலா எதுவும் இல்லை, வெறும் எண்தான் இருந்தது.

"இந்த மொத்தம் எப்படி வந்தது அம்மா?"

கைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து மேசையில் வைத்தார். "இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சார் அடிப்பேன்" என்றார்.

ஏற்கனவே வேறோர் இடத்தில் கணினிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர் அவர். ஆட்டோசம் பட்டன் எங்கே என்று கேட்டால் சட்டென்று காட்டினார். அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்றும் தெரியும். அது கொடுக்கும் எண்ணை நம்பலாமா என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஆட்டோசம் பட்டனை அழுத்தி மொத்தத்தைப் போடவைத்து, தொகைகளில் ஒன்றை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். ஃபார்முலா போட்ட மொத்தம் உடனே மாறியது. பழைய தொகையை மறுபடி அடித்தார். மொத்தமும் பழையபடி வந்து நின்றது. இன்னொரு தொகையை மாற்றினார். அதன்பின் அவர் கேட்ட கேள்வியை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன்: "எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரைக்கும் கூட்டியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

கணக்கு எழுதிப் பழகியவருக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும். மொத்தம் இருக்கும் கட்டத்தை இருமுறை கிளிக் செய்தால், கூட்டலில் சேர்ந்திருக்கும் கட்டங்களைச் சுற்றி வண்ணக் கோடு விழும். பட்டியலின் அடியில் பிற்பாடு சேர்த்த ஒரு வரி அந்தக் கோட்டுக்கு வெளியே விடுபட்டுப் போவது அன்றாடம் நடப்பது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் நாட்டுக் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் 2013இல் அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுத்த ஃபார்முலா ஐந்து நாடுகளின் வரிகளை எட்டாமல் நின்றிருந்தது தெரிந்தது. அந்தக் கட்டுரையின் மீது வேறு விமர்சனங்களும் இருந்தன. ஆனாலும் இந்த ஒரு பிழை, ஒரு கட்டத்தை இருமுறை கிளிக் செய்து பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடியது. அந்த அம்மா கேட்டதும் இதைத்தான்.

எக்செல் வகுப்பின் முதல் நாளில் நான் கணினியைத் திறப்பதற்கு முன்பே ஒரு கதையைச் சொல்லிவிடுவேன். 1978இல் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டேன் பிரிக்ளின், பேராசிரியர் கரும்பலகையில் கணக்கு அட்டவணை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓர் எண் மாறினால், அதைத் தொடர்ந்து வரும் எல்லாக் கட்டங்களையும் அழித்து மறுபடி எழுதவேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாகவே மாறும் பலகை ஒன்று இருந்தால் என்ன என்று அவர் யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கான எக்செல் என்று அடுத்தடுத்து வந்தவை எல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள். இதைக் கேட்ட மாணவர், கட்டத்தில் எண்ணை அடிப்பதற்கும் ஃபார்முலா எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அப்புறம் மறப்பதில்லை. கரும்பலகையைத் திரும்பத் திரும்ப அழிக்கும் கை அவர் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இன்னொரு விஷயத்துக்கு நான் தாராளமாக நேரம் ஒதுக்குவேன். கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. பாடப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அலுவலகத்தில் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

"சார், தேதி போய்விட்டது, 45000 என்று வந்து நிற்கிறது" என்று யாராவது பதறுவார்கள். எதுவும் போகவில்லை. எக்செல்லுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1ஆம் தேதியை 1 என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. 45000 என்றால் 2023 மார்ச் 15. கட்டத்தின் தோற்றத்தை மறுபடி தேதி என்று மாற்றினால் போதும். இது புரிந்துவிட்டால், ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் இடைப்பட்ட நாட்கள் ஏன் கிடைக்கின்றன என்பதும் கூடவே புரிந்துவிடும். (அந்த எண்ணிக்கையில் 1900ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாட்கள் உண்டு. உண்மையில் 1900 லீப் ஆண்டு இல்லை. லோட்டஸ் 1-2-3இல் இருந்த பிழையை, கோப்புகள் ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக எக்செல் அப்படியே எடுத்துக்கொண்டது. இன்றுவரை அது திருத்தப்படவில்லை.)

எண்ணைப் போலத் தெரிந்து எழுத்தாக இருப்பது இதைவிடத் தொந்தரவு. வேறொரு மென்பொருளிலிருந்து எடுத்த பட்டியலை எக்செல்லில் ஒட்டுகிறோம். தொகைகள் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிகின்றன. கூட்டினால் பூஜ்யம் வருகிறது. மாணவர் ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். அதில் ஒரு குறையும் இருக்காது. தொகைகள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றனவா, மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். எண் தானாக வலப்பக்கம் நிற்கும். எழுத்து இடப்பக்கம் நிற்கும். யாராவது எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி அழகுபடுத்தியிருந்தால் இந்தத் தடயமும் கிடைக்காது. புதிதாக வந்த பட்டியலில் அலங்கார வேலையை உடனே தொடங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எழுத்தை எக்செல் தேதியாக எடுத்துக்கொள்வதும் உண்டு. மரபணு ஆய்வாளர்களே இதில் சிக்கினார்கள். மார்ச்1, செப்ட்1 போன்ற பெயருடைய மரபணுக்களைக் கட்டத்தில் அடித்தவுடன் எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதிகளாக மாற்றிவிடும். அப்படி மாறிப்போன பட்டியல்கள் ஆய்விதழ்களிலும் அச்சாகியிருக்கின்றன. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தப் பெயர்களை மாற்றிக்கொண்டது. அந்தக் கட்டங்களை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று அமைத்துவிட்டால் மாற்றம் நேராது. தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகிறது என்பவர்களுக்கும் இதே மருந்துதான்.

ஒரு பட்டியலில் பெயரைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் விலுக்அப் ஃபார்முலா பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்படும் ஃபார்முலாவாக அது ஆகிவிட்டது. கடைசியில் பூஜ்யம் போடவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் மௌனம். அதைப் போடாவிட்டால், நாம் தேடும் பெயர் பட்டியலில் இல்லாதபோதும் எக்செல் கிட்டத்தட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். பிழை என்று வந்தால் திருத்தலாம். தப்பான விலையோ தப்பான ஊதியமோ அமைதியாக வந்து உட்கார்ந்தால் யார் கண்டுபிடிப்பது? அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டு ஒரு முறை, போட்டு ஒரு முறை செய்து பார்க்கவைத்தால் போதும். வேறெந்த விளக்கமும் வேண்டியதில்லை.

வேர்டுக்கு வருகிறேன். வேர்டு தெரியாதவர் என்று இன்று யாரும் தம்மைச் சொல்லிக்கொள்வதில்லை, அதனாலேயே அது சரியாகக் கற்றுக்கொடுக்கப்படுவதும் இல்லை. மாணவர்கள் கொண்டுவரும் கோப்பு எதுவானாலும் அதைத் திறந்ததும், ஹோம் பட்டையில் இடவலமாகத் திருப்பிப்போட்ட ஆங்கிலப் பி எழுத்தைப் போல இருக்கும் பத்திக் குறியை அழுத்தச் சொல்வேன். அதுவரை மறைந்திருந்த எல்லாம் வெளியே வரும். தலைப்பை நடுவில் நிறுத்துவதற்காக அடித்த முப்பது நாற்பது இடைவெளிகள் புள்ளிப் புள்ளியாக நிற்கும். அடுத்த பக்கத்துக்குப் போவதற்காக அடித்த என்டர்கள் பக்கத்தின் ஓரத்தில் ஏணிப்படியாக இறங்கும். திரையில் அழகாக இருந்த கடிதத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தவுடன் கையெழுத்துப் பகுதி ஏன் அடுத்த பக்கத்தின் நடுவில் போய் விழுகிறது என்பதற்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். புதுப் பக்கத்துக்கு கண்ட்ரோலும் என்டரும். நடுவில் நிறுத்த அதற்கான பட்டன். வரிசையாக நிறுத்த டேப் அல்லது அட்டவணை. இவ்வளவையும் மாணவர் தன் சொந்தக் கோப்பைச் சுத்தம் செய்துகொண்டே கற்றுக்கொள்கிறார்.

அதன் பிறகுதான் ஸ்டைல். தலைப்புகளைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கித் தடிமனாக்குவதற்குப் பதிலாக, "ஹெடிங் 1" என்று அடையாளம் இடுவது. ஒரு நீண்ட அறிக்கையின் தலைப்புகளுக்கெல்லாம் இந்த அடையாளத்தை இட்டபின், பொருளடக்கம் என்ற கட்டளையைக் கொடுத்தால் பக்க எண்களோடு அது தானாக வந்து நிற்கும். பொருளடக்கத்தைக் கையால் அடித்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்க எண்ணை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்போது முகம் மலர்வதைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சி.

பவர்பாயிண்டுக்கு நான் குறைவான நேரமே கொடுக்கிறேன். ஸ்லைடு மாஸ்டரைத் தெரிந்துகொண்டால், எழுத்துருவையும் நிறத்தையும் ஒரே இடத்தில் மாற்றி எல்லா ஸ்லைடிலும் வரவைக்கலாம். மற்றதெல்லாம் பேசத் தெரிவதைப் பொறுத்தது. மென்பொருள் வகுப்பில் அதைச் சொல்லித்தர முடியாது.

பாடத்திட்டங்களில் எப்போதும் விடுபடுவது ஒன்றுண்டு: கோப்பைச் சேமிப்பது. எந்த ஃபோல்டரில், எந்தப் பெயரில், எந்த வடிவத்தில் என்று யோசித்துச் சேமிப்பது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் தினசரி எண்ணிக்கையில் விடுபட்டுப் போயிருந்தது தெரியவந்தது. பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகள்தான் கொள்ளும். 2007 முதல் வந்த புதிய வடிவமோ 10,48,576 வரிகளைக் கொள்ளும். அந்த 15,841 பேரோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலை அதனால் தாமதமானது. சேவ் அஸ் என்று அழுத்தியதும் வருகிற அந்தச் சிறிய பட்டியலை, பார்க்காமலே என்டர் தட்டிக் கடக்கும் பழக்கம் நம் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறது.

சக பயிற்சியாளர்களிடம் ஒன்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: மாணவரின் கையிலிருந்து மவுஸை வாங்காதீர்கள். அவர் தடுமாறும்போது நாம் குனிந்து, மவுஸைப் பிடித்து, நான்கு இடத்தில் கிளிக் செய்து, "இவ்வளவுதான்" என்று நிமிர்வது நமக்குச் சில நொடி வேலை. அவருக்கு அது கண்கட்டு வித்தையாகத் தெரியும். இது தனக்கு வராது என்ற எண்ணமும் அந்த நொடியில்தான் வேர்விடும். வாயால் சொல்லுங்கள். "மேலே, இடது பக்கம், மூன்றாவதாக இருப்பதைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நேரமாகும், ஆகட்டும்.

வயதில் மூத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுடைய விரல் விசைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். ஏதாவது அழிந்துவிடுமோ என்ற பயம். அவர்களுக்கு முதல் பாடமாகவே அழிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு பக்கம் முழுக்க அடித்து வைத்த பிறகு, கண்ட்ரோல் ஏ, டெலிட். வெள்ளைத் திரை. திரும்பி என்னைப் பார்ப்பார்கள். "இப்போது கண்ட்ரோல் இசட்" என்பேன். எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆசை தீரும்வரை அழித்து அழித்து மீட்கவிடுவேன். கோப்பை மூடிவிட்டால் இந்த வசதி இருக்காது, முக்கியமான கோப்புக்கு முதலிலேயே ஒரு பிரதி எடுத்துவைக்கவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். அன்றைக்கு வேறெதுவும் நடத்தவேண்டியதில்லை.

சான்றிதழை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஐசிடிஎல், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஸ்பெஷலிஸ்ட் போன்ற தேர்வுகள் பல நாடுகளில் மதிக்கப்படுகின்றன. படிப்பு பாதியில் நின்றவர், குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டு மறுபடி தேடுகிறவர் போன்றோருக்கு நேர்முகத் தேர்வின் வாசலைத் திறக்க அந்தக் காகிதம் உதவுகிறது. அதற்கு உழைத்துப் படிக்கவேண்டும், சந்தேகமில்லை. வாசலைத் தாண்டி உள்ளே போனபின், கையில் கொடுக்கப்படும் ஒழுங்கற்ற பட்டியலை என்ன செய்வது என்பதற்கும் அதே படிப்பில் இடம் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது புதிதாக வரும் மாணவர்கள் கேட்கிறார்கள்: "செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஃபார்முலாவை எழுதித் தருகிறதே, நாங்கள் ஏன் கற்கவேண்டும்?" எழுதித் தருவது உண்மைதான். நானும் பயன்படுத்துகிறேன், மாணவர்களையும் பயன்படுத்தச் சொல்கிறேன். ஆனால் அது தந்த ஃபார்முலா எந்தக் கட்டம்வரை கூட்டுகிறது, எழுத்தாக நிற்கும் எண்களை என்ன செய்கிறது, விடுபட்ட பெயருக்கு எதைக் காட்டுகிறது என்று பார்க்கத் தெரியவேண்டும். வந்த மொத்தத்துக்குக் கீழே கையெழுத்துப் போடப்போவது நாம்தானே. கால்குலேட்டரோடு வந்த அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. கருவி எதுவானாலும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டார்.

வகுப்பில் சேரப்போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் பேசும் நேரம் அதிகமா, மாணவர்களின் கை ஓடும் நேரம் அதிகமா என்று கவனியுங்கள். ஒருவருக்கு ஒரு கணினி கிடைக்குமா, வகுப்பு முடிந்தபின் தங்கிப் பயிற்சி செய்யலாமா என்று விசாரியுங்கள். வீட்டில் கணினி இருந்து மென்பொருள் வாங்க வசதியில்லை என்றால் லிப்ரே ஆபீஸை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை அதிலேயே பழகலாம். சேர்ந்த பிறகு, உங்கள் அலுவலகத்தில் உங்களை அதிகம் படுத்தும் ஒரு கோப்பின் பிரதியை எடுத்து, அதிலுள்ள பெயர்களையும் தொகைகளையும் மாற்றிவிட்டு, முதல் வகுப்புக்கே கொண்டுபோங்கள். "இதை வைத்துச் சொல்லித்தாருங்கள்" என்று கேளுங்கள்.